முதல் இன்டர்னலில் 22 மார்க்: தம்பிக்கு வெளியே டியூஷனா, காலேஜ் டியூட்டரா?

வந்தவாசிக்காரன் | 10 நவம்பர் 2024, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தம்பி விஷயமாக ஒரு யோசனை கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இந்த வருடம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஈசிஇ கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரி, தன்னாட்சி கிடையாது. ஃபீஸ், ஹாஸ்டல் இரண்டையும் அரசாங்கம் கட்டிவிடுகிறது. அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வருகிறது. எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் அவன்தான். நான் ஐடிஐ முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் கம்பெனியில் இருக்கிறேன்.

போன வாரம் முதல் இன்டர்னல் மார்க் வந்தது. கணக்கில் நூற்றுக்கு 22. பைத்தானில் 31. பிளஸ் டூவில் கணக்கில் 91 எடுத்தவன். மற்ற பாடங்கள் ஐம்பதைச் சுற்றி இருக்கின்றன.

மார்க்கை விட எனக்கு உறுத்துவது வேறு. காலேஜிலிருந்து அப்பாவுக்கு போன். "உங்க பையன் ஸ்லோ லேனர் லிஸ்ட்ல இருக்கான், வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா கோரைப்பாய் நெய்கிறவர். ஒரு நாள் தறியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தார். பையனிடம் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. அன்றிலிருந்து இவன் போனில் சரியாகப் பேசுவதில்லை.

இப்போது கேள்வி. காலேஜுக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது, ஒரு பாடத்துக்கு ஆறாயிரம் கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமா? ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு டியூட்டர் உண்டு என்று முதல் நாள் கூட்டத்தில் சொன்னார்கள். தம்பியைக் கேட்டால், "அவங்க நோட்ல கையெழுத்து வாங்குவாங்க, அவ்ளோதான்" என்கிறான். அந்த டியூட்டரால் உண்மையில் என்ன உபயோகம்? அவரிடம் போய் என்ன கேட்பது?

அரியர் அண்ணாச்சி | 10 நவம்பர், இரவு 10.05

தம்பி, முதல்ல ஒரு மூச்சு விடுங்க. முதல் இன்டர்னலில் 22 எடுப்பது ஒன்றும் ஊரில் நடக்காத விஷயம் இல்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, பள்ளியிலேயே ஜேஇஇ கோச்சிங் போனவன்கூட எங்கள் செட்டில் 18 எடுத்தான். இன்று பெங்களூரில் டீம் லீடாக இருக்கிறான், போன் போட்டால் எடுப்பதில்லை.

டியூஷனுக்குக் கடன் வேண்டாம். செமஸ்டருக்கு ஒரு மாதம் முன்னால் சேருகிறவனுக்கு அந்த சென்டரில் "முக்கியமான கேள்விகள்" என்று ஒரு ஜெராக்ஸ் கட்டுதான் கிடைக்கும். அதே கட்டு ஹாஸ்டலில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும்.

சாக்பீஸ் | 10 நவம்பர், இரவு 11.20

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். டியூட்டராகவும் இருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் மார்க்கைப் பற்றிய பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கை முதலாமாண்டுப் பையன்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. உங்கள் தம்பிக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன், அதாவது அந்த வருடத்துப் பாடத்திட்ட, தேர்வு விதிகள். தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் பரீட்சைக்கு 60. பாஸாக இரண்டும் சேர்ந்து 50 வேண்டும். அதோடு செமஸ்டர் தாளில் மட்டும் குறைந்தது 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும்.

இன்டர்னல் இரண்டு. ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார் மாதிரியான வேலைகளுக்கு 40. தேர்வில் 22 என்றால் அது 60க்கு 13 ஆகிறது. அசைன்மென்ட்டில் 40க்கு 35 வாங்கியிருந்தால் முதல் இன்டர்னல் மொத்தம் 48. இரண்டாவது தேர்வில் வெறும் 50 எடுத்து, அசைன்மென்ட்டையும் ஒழுங்காகக் கொடுத்தால் அது 65. இரண்டையும் சேர்த்து 40க்கு மாற்றினால் 22, 23 பக்கம் வரும். பிறகு செமஸ்டரில் நூற்றுக்கு 46 எடுத்தால் பாஸ்.

அதே பையன் அசைன்மென்ட்டை அலட்சியப்படுத்தி இன்டர்னல் 15க்கு இறங்கிவிட்டால் செமஸ்டரில் 59 எடுக்க வேண்டும். இந்த 46க்கும் 59க்கும் நடுவில்தான் முதல் செமஸ்டர் அரியரில் பாதி இருக்கிறது என்பது என் அனுபவம். அசைன்மென்ட் கொடுத்துவிட்டானா என்று இன்றைக்கே கேளுங்கள்.

டியூட்டரிடம் என்ன கேட்பது? "சார், எனக்குக் கணக்கு வரல" என்று போய் நின்றால் "நல்லா படிப்பா" என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. திருத்திய விடைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். "இந்தக் கேள்விக்கு 13க்கு 2 வந்திருக்கு, நான் எந்த இடத்தில் விட்டேன்?" என்று கேட்கட்டும். டியூட்டர் கணக்கு ஆசிரியராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தத் தாளோடு அவனைக் கணக்கு மேடத்திடம் அனுப்புவது அவருடைய வேலை. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகப் போகிறது, உடம்பு சரியில்லை, ஸ்காலர்ஷிப் வரவில்லை, ரூமில் பிரச்சினை, எல்லாவற்றுக்கும் முதல் கதவு டியூட்டர்தான்.

மூணாவது பெஞ்ச் | 11 நவம்பர், காலை 7.15

மேடம், மரியாதையோடு சொல்கிறேன், நீங்கள் சொல்கிற டியூட்டர் புத்தகத்தில் இருக்கிறார். நான் நாலாம் வருடம். என் மென்டார் நோட்டை, அதாவது டியூட்டர் கையெழுத்துப் போடுகிற நோட்டை, இப்போது பார்த்தேன், அதில் உள்ளதை அப்படியே சொல்கிறேன்.

முதல் பக்கம் போட்டோ, ரத்த வகை, அப்பா போன் நம்பர், அவருடைய ஆண்டு வருமானம். அடுத்த பக்கத்தில் கட்டம் கட்டமாக: தேதி, இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ், பிரச்சினை, தரப்பட்ட ஆலோசனை, மாணவர் கையெழுத்து, டியூட்டர் கையெழுத்து. "பிரச்சினை" என்ற கட்டத்தில் மூன்று வருடமாக ஒரு கோடு. "ஆலோசனை" கட்டத்தில் "இம்ப்ரூவ் பண்ணச் சொல்லப்பட்டது" என்று ஒரே வாக்கியம். ஒரு செமஸ்டருக்கான அத்தனை தேதிகளுக்கும் ஒரே நாளில், ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டோம். காலேஜை மதிப்பிட கமிட்டி வருவதற்கு முந்தின வாரம், ஆடிட்டோரியத்தில் வரிசையில் நின்று.

அந்த "ஸ்லோ லேனர்" லிஸ்ட்டை எங்கள் காலேஜில் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டுவார்கள். நாலரை மணிக்கு காலேஜ் பஸ் கிளம்பும் நேரத்தில் அவர்களுக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ். பஸ்ஸில் போகிறவன் எல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போவான். அந்தக் கிளாஸில் உட்கார்ந்த ஒருவனும் ஒரு டவுட்டும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சாக்பீஸ் | 11 நவம்பர், மதியம் 1.10

நோட்டைப் பற்றி நீங்கள் சொன்னதில் எதையும் மறுக்கப் போவதில்லை. அது எதனால் அப்படி ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டில் ஒரு மென்டாருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தைக் கேட்பார்கள். வேகமாகப் படிக்கிறவர், மெதுவாகப் படிக்கிறவர் என்று அடையாளம் கண்டு தனித்தனியாக என்ன செய்தீர்கள் என்றும் கேட்பார்கள். கேள்வியின் நோக்கம் நல்லதுதான். ஆனால் காகிதத்தில் காட்ட வேண்டியது என்று ஒன்று வந்துவிட்டால், காகிதம் தயாராகிவிடும். பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ, புதிதாகச் சேருகிற மாணவர்களுக்காக 2017இல் கொண்டுவந்த மூன்று வார இண்டக்‌ஷன் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். இருபது மாணவருக்கு ஒரு ஆசிரியர், உட்கார்ந்து பேச வேண்டும், அந்த உறவு நாலு வருடமும் தொடர வேண்டும் என்றுதான் யோசித்திருக்கிறார்கள். பல இடங்களில் அது என்ன ஆனது? சிறப்பு விருந்தினர் பேச்சு, யோகா, மரம் நடுதல், போட்டோ.

2018இல் ஆசிரியர், மாணவர் விகிதத்தையும் 1:15லிருந்து 1:20 ஆகத் தளர்த்தினார்கள். எனக்கு வாரம் முழுக்க வகுப்பு, விடைத்தாள், அட்மிஷன் வேலை, அதற்கு மேல் இந்த நோட்டு. மே மாதம் ஊர் ஊராகப் போய் பிளஸ் டூ பிள்ளைகளைக் கூப்பிட்டுவரச் சொல்கிற வேலையும் உண்டு. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இவ்வளவுக்கு நடுவிலும் தாளோடு வருகிற பையனுக்குப் பத்து நிமிடம் ஒதுக்காத ஆசிரியர் குறைவு. வருகிறவர்கள்தான் குறைவு. அதிலும் வருகிறவர்கள் 80 மார்க் பிள்ளைகள், 85 ஆக்குவதற்கு.

லிஸ்ட்டை போர்டில் ஒட்டுவது அசிங்கம். அதில் உங்கள் கட்சிதான்.

கணக்குப்பிள்ளை | 11 நவம்பர், மாலை 6.30

நாங்கள் படித்த காலத்தில் டியூட்டரும் இல்லை, மென்டாரும் இல்லை. லைப்ரரி இருந்தது, மண்டையில் பயம் இருந்தது. பதினெட்டு வயது ஆளைக் கைபிடித்து நடத்துவதால்தான் இவர்கள் வேலைக்குப் போன பிறகும் மேனேஜர் வந்து ஊட்டிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். தவிர, ஒதுக்கீட்டில் இடத்தைக் கொடுத்துவிட்டு, தாங்க முடியாத படிப்பில் தள்ளுவது அந்தப் பையனுக்கே செய்கிற அநியாயம் என்று ஏன் யாரும் பேசுவதில்லை?

அரியர் அண்ணாச்சி | 11 நவம்பர், மாலை 6.52

சார், உங்கள் செட்டில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று யாராவது எண்ணினார்களா? நின்றவன் இங்கே வந்து பதிவு போட மாட்டான். அதனால் "எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாங்கள் தேறவில்லையா" என்று தேறினவர்கள் மட்டும்தான் பேசுவோம்.

பையன் 91 எடுத்தவன் சார். தாங்க முடியாத படிப்பு என்று இரண்டு மாதத்தில் எப்படி முடிவு கட்டினீர்கள்?

நெறியாளர் | 11 நவம்பர், இரவு 7.30

ஒதுக்கீடு சரியா தவறா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம். இதன் பிறகு வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்.

அறிவியல்நகர் | 11 நவம்பர், இரவு 9.15

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படித்தவன். பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில். எங்கட கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஏ.எல்., அதாவது உங்கட பிளஸ் டூ மாதிரி, முழுக்கத் தமிழில் படித்து, மாவட்டத்தில் நல்ல ராங்க் எடுத்து உள்ளே போவோம். முதல் நாள் விரிவுரை ஆங்கிலத்தில். பக்கத்தில் இருக்கிற பெடியனுக்குச் சிங்களம் மட்டும் தெரியும், அவனுக்கும் அந்த ஆங்கிலம் சரியான கஷ்டம்.

எங்களைக் காப்பாற்றினது பெரும்பாலும் குப்பிதான். இந்தியாவில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பரீட்சை கிட்ட வர, அந்தப் பாடம் விளங்கின ஒருவன் மற்றவர்களை இருத்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பான். அதற்குத்தான் குப்பி என்று பெயர். சில நேரம் சீனியர் அண்ணைமார், சில நேரம் பட்ச்சில் இருக்கிறவனே. காசு கிடையாது, பதிவேடு கிடையாது. ஹொஸ்டல் ஹோல், இல்லாட்டி காலியாகக் கிடக்கிற விரிவுரை மண்டபம், இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் ஒரு மணிக்கும் போகும். பாஸ்ட் பேப்பர் ஒன்றை எடுத்து, முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை போர்டில் செய்வார்கள். விளங்காவிட்டால் "அண்ணை, திருப்பிச் சொல்லுங்கோ" என்று கத்தலாம். விரிவுரையாளரிடம் அப்படிக் கத்த ஏலுமா?

பீடத்தில் மாணவர் ஆலோசகர்கள் என்று விரிவுரையாளர்கள் இருந்தவர்கள். காசுப் பிரச்சினை, மஹாபொல உதவித்தொகை வரவில்லை, ராகிங் என்றால் அவர்களிட்டப் போவோம். கணக்கு விளங்கவில்லை என்று அவர்களிட்டப் போனவரை எனக்குத் தெரியாது.

குப்பியிலும் ஒரு குறை இருக்கு. சொல்லிக்கொடுக்கிற அண்ணை பிழையாகச் சொன்னால் பட்ச் முழுக்க அதே பிழையை எழுதும். எங்களுக்கு ஒரு பாடத்தில் அது நடந்தது.

குளிர்நாட்டு அம்மா | 12 நவம்பர், அதிகாலை 2.10

கிளிநொச்சித் தம்பி சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் மகள் இங்கிலாந்தில் இரண்டாம் ஆண்டு இயற்பியல். இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் பெர்சனல் டியூட்டர் என்று ஒருவரை ஒதுக்குவார்கள். முதல் வாரமே ஒரு சந்திப்பு, பிறகு டேர்மில் சில சந்திப்புகள். அவர் பாடம் நடத்த மாட்டார். எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்வார். காய்ச்சலில் பரீட்சை கெட்டுப்போனால் எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் கொடுப்பது, எழுத்து வேலைக்கு யாரிடம் போவது, மனசு சரியில்லை என்றால் எங்கே போவது, இந்த மாதிரி. பின்னால் வேலைக்குப் போகும்போது சிபாரிசுக் கடிதமும் பெரும்பாலும் அவரிடமிருந்துதான். கேம்பிரிட்ஜில் இதை இன்னும் பிரித்திருக்கிறார்கள்: படிப்பைக் கவனிக்க ஒருவர், பிள்ளையின் நலத்தைக் கவனிக்க வேறொருவர். அழுகிற பிள்ளை தனக்கு மார்க் போடுகிறவரிடம் போய் அழ வேண்டாம் என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஆனால் இங்கேயும் டியூட்டர் மின்னஞ்சலைப் பிள்ளைகள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. என் மகளுக்கு முதல் டேர்மில் கணக்கு உதைத்தது. அவள் போனது டியூட்டரிடம் அல்ல, கணித உதவி மையத்துக்கு. பல பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு அறை உண்டு. கோவென்ட்ரியிலும் லஃப்பரோவிலும் 1990களிலேயே தொடங்கிவிட்டார்கள். மத்தியானம் திறந்திருக்கும், அப்பாயின்ட்மென்ட் வேண்டாம், உள்ளே போய் உட்கார்ந்து வேலையைச் செய்யலாம், முட்டினால் கையைத் தூக்கலாம். யார் வருகிறார்கள் என்று அம்மா அப்பாவுக்குச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டால், அவள் சம்மதம் இல்லாமல் அவள் மார்க்கையே எனக்குச் சொல்ல மாட்டார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பாய் நெய்கிற அப்பாவைப் பஸ் ஏற்றி வரவழைத்த கதையைப் படித்த பிறகு, இது எவ்வளவோ மேல் என்று படுகிறது.

இன்னொன்று. அவள் இந்த வருடம் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் குழு நடத்துகிறாள். பயிற்சியில் சொன்னார்களாம்: இந்த முறை 1973இல் அமெரிக்காவில், கான்சாஸ் சிட்டியில் உள்ள மிசூரிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. போன வருடம் அந்தப் பாடத்தை நன்றாக முடித்த மாணவர் நடத்த வேண்டும். அவர் விடையைச் சொல்லக் கூடாது. வந்தவர்களையே பேசவைத்து வெளியே கொண்டுவர வேண்டும். இதில் எனக்குப் பிடித்த இடம்: தோற்கிற பிள்ளை யார் என்று அவர்கள் லிஸ்ட் போடவில்லை. அதிகம் பேர் தோற்கிற பாடம் எது என்று லிஸ்ட் போட்டார்கள். அந்தப் பாடத்துக்கு வகுப்பு வைத்தால் யார் வேண்டுமானாலும் வரலாம். 90 எடுக்கிறவளும் வருவாள், 22 எடுத்தவனும் வருவான். பஸ் ஜன்னலிலிருந்து யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

சாக்பீஸ் | 12 நவம்பர், காலை 8.05

அம்மா, இதை எங்கள் ஹெச்ஓடிக்கு, அதாவது துறைத் தலைவருக்கு, காட்டப் போகிறேன். "ஸ்லோ லேனர் வகுப்பு" என்பதை "மேட்ரிக்ஸ் வகுப்பு" என்று மாற்றி, எல்லோருக்கும் திறந்துவிட்டால் செலவு ஒன்றும் இல்லை. கமிட்டிக்கு வேண்டிய லிஸ்ட்டை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

வந்தவாசிக்காரன் | 17 நவம்பர், இரவு 8.20

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை நேரில் போய் வந்தேன்.

தம்பியின் விடைத்தாளை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். முதல் யூனிட் மேட்ரிக்ஸ். அணி, அணிக்கோவை எல்லாம் அவன் பள்ளியில் தண்ணீராகப் போட்டவை. போர்டில் ஐகன் வேல்யூ என்று தொடங்கியதும் இது ஏதோ புது சமாச்சாரம் என்று பேனாவைக் கீழே வைத்திருக்கிறான். ஹாஸ்டலில் மூன்றாம் வருட அண்ணன் ஒருவர், அவரும் அரசுப் பள்ளிதான், கால் மணி நேரத்தில் "டேய், அணிக்கோவையைச் சுழியத்துக்குச் சமமா வச்சு லாம்டாவைக் கண்டுபிடி, இவ்ளோதான்டா" என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். அடுத்த கணக்கைத் தம்பி தானே போட்டான். நானே பார்த்தேன்.

டியூட்டரையும் பார்த்தோம். நான் நினைத்திருந்த மாதிரி இல்லை, நன்றாகவே பேசினார். இவன் பெயர் அவருக்கு நினைவில்லை, நோட்டைப் புரட்டித்தான் பார்த்தார். அசைன்மென்ட் இரண்டு பாடத்தில் கொடுக்கவில்லை என்பது அங்கேதான் தெரிந்தது. திங்கள்கிழமைக்குள் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன் என்று பாட ஆசிரியருக்கு எங்கள் முன்னாலேயே போன் போட்டார். இனி வீட்டுக்கு ஏதாவது சொல்வதென்றால் என் நம்பருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எழுதிக்கொண்டார்.

மூன்றாம் வருட அண்ணனிடம் வாரம் இரண்டு நாள் உட்கார முடியுமா என்று கேட்டேன். "இவன் ஒருத்தனுக்கு வேணாம்ணா, ஃபர்ஸ்ட் இயர் பசங்க ஆறேழு பேரைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, மெஸ் ஹால்ல வச்சுக்கலாம்" என்றார். டியூஷன் யோசனையை விட்டுவிட்டேன்.

பைத்தானுக்குத்தான் வழி தெரியவில்லை. லேப்டாப் இல்லை. லேபில் வாரத்துக்கு ஒரு முறைதான் கம்ப்யூட்டர் கிடைக்கிறது. கெமிஸ்ட்ரியும் பயமாக இருக்கிறது என்கிறான்.

மூணாவது பெஞ்ச் | 17 நவம்பர், இரவு 9.00

பைத்தானுக்கு லேப்டாப் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்ட் 3 என்று ஒரு ஆப் இருக்கிறது, நெட் இல்லாமலே ஓடும். நெட் இருந்தால் கூகுள் கோலாபை பிரவுசரில் திறந்தால் போதும். போனில் டைப் அடிப்பது எரிச்சல்தான். அதனால் முதலில் நோட்டில் எழுதி, வெளியீடு என்ன வரும் என்று பக்கத்தில் ஊகித்து எழுதிவிட்டு, பிறகு போனில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பரீட்சையிலும் கையால்தானே எழுத வேண்டும். லிஸ்ட், ஸ்ட்ரிங் இரண்டிலும் சின்னச் சின்ன புரோகிராம்களாக இருபது எழுதிவிட்டால் பயம் போய்விடும்.

ஏஐசிடிஇயின் இ-கும்ப் தளத்தில் இன்ஜினியரிங் புத்தகங்கள் சில தமிழிலும் இலவசமாக இருக்கின்றன. தமிழில் ஒரு தடவை படித்துப் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலப் புத்தகத்தைப் படிக்கட்டும். தமிழோடு நின்றுவிட வேண்டாம், தாள் ஆங்கிலத்தில்தான் வரும்.

அந்த டியூட்டர் போன் போட்டார் என்பது ஆச்சரியம். நோட்டைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அறிவியல்நகர் | 17 நவம்பர், இரவு 10.30

மெஸ் ஹால் குப்பி! நல்லது. ஒரு விஷயம் மட்டும்: சொல்லிக்கொடுக்கிற அண்ணையே எப்பவும் போர்டில் நிற்கக் கூடாது. கடைசி அரை மணி நேரம் முதலாமாண்டுக்காரர் ஒவ்வொருவராக எழும்பிச் செய்து காட்ட வேண்டும். விளங்கினது என்று தலையாட்டுகிறவனை எழுப்பிவிட்டால்தான் உண்மை தெரியும். தம்பியை முதலில் எழுப்பச் சொல்லாதேயுங்கோ, மூன்றாவது நான்காவதாக எழுப்பட்டும்.

நெறியாளர் | 18 நவம்பர், காலை 9.10

பொதுவாக ஒரு குறிப்பு. போனில் சரியாகப் பேசாமல் இருப்பது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, "படிப்பே வேண்டாம்" என்பதைத் தாண்டி வேறு மாதிரிப் பேசுவது தெரிந்தால் மார்க் பேச்சை விட்டுவிடுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் உதவி எண் 104, இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாணவரும் அழைக்கலாம், வீட்டாரும் அழைக்கலாம்.

சாக்பீஸ் | 18 நவம்பர், இரவு 9.45

கெமிஸ்ட்ரிக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பாடம் இல்லை, பக்கத்து மேஜை மேடத்தைக் கேட்டு எழுதுகிறேன்.

தாளின் அமைப்பைத் தம்பி தெரிந்துகொள்ளட்டும். பத்து இரண்டு மார்க் கேள்விகள், ஐந்து 13 மார்க் கேள்விகள், ஒரு 15 மார்க். 13 மார்க்கில் ஒவ்வொன்றுக்கும் "அல்லது" என்று இன்னொன்று இருக்கும். ஐந்து யூனிட். முதல் யூனிட் தண்ணீர்: கடினத்தன்மை, கொதிகலனில் படியும் படிவு, ஜியோலைட் முறை, அயனிப் பரிமாற்றம், எதிர்ச்சவ்வூடு பரவல். வீட்டில் ஆர்ஓ மெஷின் பார்த்தவனுக்குப் பாதி தெரிந்த விஷயம்தான். நாலாவது எரிபொருள், ஐந்தாவது பேட்டரி, சோலார், எரிபொருள் கலம். இந்த மூன்றையும் படம் வரைந்து, பாகங்களைக் குறித்துப் பழகினால் மூன்று 13 மார்க் கைக்கு வரும். பத்து இரண்டு மார்க்கில் ஏழு சரியாக எழுதினால் 14. கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது யூனிட் நானோ, மூன்றாவது ஃபேஸ் ரூல். நேரம் இருந்தால் ஃபேஸ் ரூலில் தண்ணீர் வரைபடத்தை மட்டுமாவது பார்க்கட்டும், அடிக்கடி கேட்பார்கள் என்கிறார் மேடம்.

எங்கள் ஹெச்ஓடி பெயரை மாற்ற ஒத்துக்கொண்டார். லிஸ்ட் போர்டுக்குப் போகாது. நாலரை மணியை மாற்ற முடியாதாம், பஸ் டைமிங் மேனேஜ்மென்ட் கையில் இருக்கிறது.

வந்தவாசிக்காரன் | 18 நவம்பர், இரவு 10.10

நன்றி மேடம். அப்படியே தம்பிக்கு அனுப்பிவிட்டேன். அசைன்மென்ட் இரண்டும் இன்று கொடுத்துவிட்டான். இரண்டாவது இன்டர்னல் டிசம்பர் முதல் வாரம். மார்க் வந்ததும் போடுகிறேன். இழையை மூட வேண்டாம், நெறியாளர் அண்ணா.